காசு கொடுத்தாலும் கிடைக்காத முஸ்தபா

பொங்கல் லீவுக்குச் சாத்தான்குளம் போயிருந்தபோது, அக்கா மகன் தன் புது கன்சோலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். "மாமா, நீங்க சின்னப்பிள்ளைல விளையாடுன கேம் ஏதாச்சும் இருந்தா இறக்கித் தாங்க, பாப்போம்" என்றான். எனக்கும் குஷிதான். முஸ்தபா என்று தேடினேன். இல்லை. கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் என்பதுதான் அதன் நிஜப்பெயர் என்று எனக்கே காலேஜ் போன பிறகுதான் தெரியும். அதையும் தேடினேன். இல்லை. வேறு மூன்று நான்கு பெயர்களைத் தேடியதில் ஒன்று அகப்பட்டது. வாங்கப் போனால் மாதச் சந்தா கட்டச் சொன்னது. சந்தா கட்டப் போனால் கார்டு ஏறவில்லை. கார்டு ஏறிய நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

கடைசியில் என் பழைய லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டரில் சிடியில் ஏற்றி வாங்கிய முஸ்தபா அதில் கிடந்தான். ரெண்டே நிமிஷம். தொப்பியோடு ஓடிவந்து எகிறி ஒரு உதை விட்டான். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். அரைமணி நேரம் கழித்து நிறுத்திவிட்டுக் கேட்டான்: "இது திருட்டு கேமா மாமா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சட்டப்படி அதுதான் சரியான பதில். ஆனாலும் அன்றிலிருந்து அந்த 'ஆமாம்' என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது.

திருட்டு என்று ஒன்று நடக்க வேண்டுமானால் முதலில் கடை என்று ஒன்று இருக்க வேண்டும். எங்களுக்குக் கடை இருந்ததா? நிண்டெண்டோ தன் ஃபேமிகாமை ஜப்பானில் 1983 ஜூலை 15 அன்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்து வருஷம் கழித்து எங்கள் பக்கம் வந்ததெல்லாம் அதன் நகல்கள். நாங்கள் அதை டிவி கேம் என்போம். ஒரு வீட்டின் முன்னறையில் ரெண்டு டிவியைப் போட்டு, மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடுவார் ஒரு அண்ணாச்சி. கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே இருபது கேம்தான், அதுவே திரும்பத் திரும்ப வரும். படம் தெரியவில்லையென்றால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதிச் செருக வேண்டும். "ஏல, மணி ஆயிட்டுல்லா, எந்திலே" என்று அண்ணாச்சி அதட்டுவார். "இன்னும் அஞ்சே நிமிசம் அண்ணாச்சி" என்று கெஞ்சுவோம். மரியோவும் கான்ட்ராவும் டாங்கும் வாத்து சுடுகிற துப்பாக்கியும் எங்களுக்கு இப்படித்தான் கிடைத்தன. அசலைக் கண்ணால் பார்த்தவர் எங்கள் தெருவில் ஒருவர்கூடக் கிடையாது.

முஸ்தபாவைப் பார்க்க தூத்துக்குடிக்கே போக வேண்டும். காயின் போட்டு நின்றுகொண்டு விளையாடுகிற பெட்டி. 1993-ல் காப்காம் வெளியிட்டது. மார்க் ஷுல்ட்ஸ் என்ற அமெரிக்கரின் காமிக்ஸிலிருந்து எடுத்த கதை. அதில் நாயகன் ஜாக் டென்ரெக். எங்கள் ஊரில் அவனை யாரும் சீண்டவில்லை. முஸ்தபா கெய்ரோவைத்தான் நாயகன் ஆக்கினோம், விளையாட்டுக்கே அவன் பெயரை வைத்தோம். சென்னையிலும் மும்பையிலும் அதே பெயர்தான் என்று பிறகு தெரிந்தது. ஒரு தேசமே சேர்ந்து ஒரு விளையாட்டுக்கு மறுபெயர் சூட்டியிருக்கிறது. அதை உருவாக்கிய கம்பெனிக்கு அதெல்லாம் கணக்கிலேயே இல்லை.

பழைய விளையாட்டைப் புதுக் கருவியில் இறக்கிக்கொள்வதற்கு நான் எதிரி இல்லை. கொனாமி 2019-ல் கான்ட்ரா தொகுப்பை வெளியிட்டது. பாதியில் சேவ் செய்துகொள்ளும் வசதியோடு அதை விளையாடித்தான், சின்ன வயசில் தாண்டவே முடியாத கட்டங்களைத் தாண்டி முடிவைப் பார்த்தேன். 2020-ல் நாம்கோ தொகுப்பு ஒன்றில் எங்கள் டாங்க் கேம் 'பேட்டில் சிட்டி' என்ற தன் சொந்தப் பெயரில் வந்தது. கேசட் ஊதல் இல்லை, ஒயர் ஆட்டல் இல்லை. சந்தோஷமாகத்தான் காசு கொடுத்தேன். முப்பது வருஷக் கடனில் கொஞ்சம் அடைத்த மாதிரி இருந்தது. எங்களிடம் காசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் நான் சண்டை போடுகிறேன்.

ஆனால் அவர்கள் விற்பதில்லை. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 2010-க்கு முன் அங்கே வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. இது அமெரிக்கக் கணக்கு. அங்கேயே அந்த நிலை. காப்காம் 2018-ல் தன் பழைய அடிதடி விளையாட்டுகள் ஏழைச் சேர்த்து ஒரு தொகுப்பு போட்டது. அதில் முஸ்தபா இல்லை. காமிக்ஸ் உரிமம் காலாவதி, அதனால் முடியாது என்பார்கள். சரி, 'தி பனிஷர்' என்ற விளையாட்டும் அதே 1993-ல் அதே காப்காம் செய்ததுதான். அதுவும் காமிக்ஸிலிருந்து வந்ததுதான். மார்வெலோடு பேசி 2024-ல் அதை மறுபடி வெளியிட்டார்களே? வருமானம் வரும் என்றால் உரிமச் சிக்கல் அவிழும். நம்மூர்ப் பிரியத்துக்கு அந்த மதிப்பு கிடையாது, அவ்வளவுதான்.

விற்றாலும் அது விற்பனையே இல்லை என்பது அடுத்த சங்கடம். வீ கருவியின் கடையை நிண்டெண்டோ 2019 ஜனவரி 30 அன்று மூடியது. வீ யூ, 3டிஎஸ் கடைகளில் 2023 மார்ச் 27-க்குப் பிறகு எதையும் வாங்க முடியாது. அங்கே மட்டும் கிடைத்துவந்த பழைய விளையாட்டுகள் பல அந்தக் கடைகளோடு போய்விட்டன. சோனி 2021-ல் பிஎஸ்3, வீட்டா கடைகளை மூடுவதாக அறிவித்து, எதிர்ப்புக் கிளம்பிய பிறகே பின்வாங்கியது. ஸ்விட்ச்சில் சந்தா கட்டிப் பழைய விளையாட்டுகளை இறக்கி வைத்திருந்தாலும், ஏழு நாளுக்கு ஒருமுறை இணையத்தில் முகத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திறக்காது. 'வாங்கு' என்று பட்டன் வைத்துவிட்டு உரிமம் மட்டும் தருகிறவர்கள் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் சட்டமே போட வேண்டியதாயிற்று. 2025 ஜனவரியிலிருந்து அது அமலில் இருக்கிறது. எங்கள் அண்ணாச்சி இவர்களைவிட யோக்கியர். வாடகையை வாடகை என்றுதான் சொன்னார்.

மூன்றாவது, வரைபடத்தில் நாம் இருக்கிற இடம். ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் நிண்டெண்டோவின் கடையில் இந்தியா என்ற நாடு கிடையாது. அமெரிக்காவிலோ வேறெங்கோ குடியிருப்பதாகப் பொய் சொல்லித்தான் கணக்குத் தொடங்க வேண்டும். அதாவது நேர்மையாகக் காசு கொடுப்பதற்கே முதலில் ஒரு பொய்! சோனி 2022-ல் பழைய விளையாட்டுகளோடு சந்தாவைக் கொண்டுவந்தபோது, ஆசியாவின் சில நாடுகளுக்கு 50 ஹெர்ட்ஸ் பால் வடிவங்களைக் கொடுத்தது. 60 ஹெர்ட்ஸில் ஓட வேண்டியதை அப்படியே 50-ல் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும். அந்தக் காலத்து டிவிக்கு அது தேவைப்பட்டது. இன்றைய டிவிக்கு எதற்கு? கத்திக் கூச்சல் போட்ட பிறகுதான் 60-ம் வந்தது. ஆசியாக்காரன்தானே, இது போதும் என்று யாரோ ஒரு மேசையில் முடிவெடுத்திருக்கிறார்கள்.

"அவங்க சொத்து மக்கா, விற்கிறதும் பூட்டி வைக்கிறதும் அவங்க இஷ்டம். நீ யாருலே கேக்க?" என்று ஒரு நண்பன் சண்டைக்கு வந்தான். தமிழ் படிக்கிறவன் இப்படிப் பேசக் கூடாது. பாரதி பாட்டின் உரிமை தனியார் கையில் இருந்த காலம் ஒன்று உண்டு. ஒலிபரப்பு உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. பாரதி எல்லோருக்கும் பொது என்று கூட்டம் போட்டுக் கேட்டார்கள். அவர் விட்டுக்கொடுத்தார், 1949-ல் ஓமந்தூரார் அரசு பாரதி படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ எழுத்தாளர்களின் படைப்புகளுக்கு வாரிசுகளிடம் பணம் கொடுத்து அரசு அதையே செய்திருக்கிறது. சொத்துரிமைக்கு மரியாதை, வாசகனுக்கும் வழி. இந்த யோசனை நமக்கு மேற்கிலிருந்து வர வேண்டிய அவசியமே இல்லை.

"போயும் போயும் வீடியோ கேமுக்கா பாரதி?" என்று இலக்கிய நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்தவற்றில் சினிமாப் பாட்டுப் புத்தகமும் நாடக நோட்டீஸும் விளம்பரத் தாளும் உண்டு. அன்று பெரிய நூலகங்கள் குப்பை என்று தள்ளியவை. 1994 முதல் அவர் பெயரில் சென்னையில் இயங்கும் நூலகத்துக்கு இன்று உலகம் முழுவதிலுமிருந்து ஆய்வாளர்கள் வருகிறார்கள். இன்னொரு பக்கம், முதல் தமிழ் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-ல் வந்தது. அதன் பிரதி இன்று இல்லை. எது காப்பாற்றத் தக்கது என்று அந்தந்தக் காலத்துப் பெரியவர்கள் முடிவு செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

முஸ்தபாவைக் காப்பாற்றியது காப்காம் இல்லை. 1997-ல் நிக்கோலா சால்மோரியா என்ற இத்தாலியர் தொடங்கிய மேம் என்ற எமுலேட்டரும், அதற்குச் சம்பளமில்லாமல் உழைத்தவர்களும், எங்கள் ஊர்ப் பிரவுசிங் சென்டர்களும்தான். விற்பனையில் இல்லாத பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்கள் நூலகத்துக்கு நேரில் வராமலே பார்க்க விலக்குக் கொடுங்கள் என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்திடம் கேட்டார்கள். 2024 அக்டோபரில் மறுத்துவிட்டார்கள். விளையாட்டுத் தொழில் அமைப்பு அதை எதிர்த்து வாதாடியது. தானும் விற்கமாட்டான், படிக்கிறவனையும் விடமாட்டான். வைக்கோல் போரில் படுத்த நாயின் கதை.

அதற்காக எல்லாவற்றையும் இலவசமாக அள்ளலாம் என்று நான் சொல்லவில்லை. நாலு பேர் சேர்ந்து கடன் வாங்கி இன்று ஒரு விளையாட்டைச் செய்து விற்கிறார்கள் என்றால், அதை நகலெடுப்பவன் திருடன்தான். கான்ட்ராவை அவர்கள் நியாயமாக விற்கும்போது நகல் போடுகிறவனுக்கும் நான் வக்காலத்து வாங்கமாட்டேன். விற்கிற வரை காசு கொடுப்போம். நான் பேசுவது கடையே இல்லாத பொருளைப் பற்றி.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 31-ஆம் பிரிவு இதற்கு ஒரு கதவு வைத்திருக்கிறது. உரிமையாளர் மறுபடி வெளியிட மறுத்து, அதனால் ஒரு படைப்பு மக்களுக்குக் கிடைக்காமல் போனால், கட்டாய உரிமம் கேட்கலாம். முன்பு இந்தியப் படைப்புகளுக்கு மட்டும் என்றிருந்ததை 2012 திருத்தம் எந்தப் படைப்புக்கும் என்று மாற்றியது. வீடியோ கேமுக்காக யாராவது அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கட்டும். தட்டாவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான். திரைப்படத்துக்குரிய 60 வருஷக் கணக்கை வைத்துப் பார்த்தாலே 2053 முடியும்வரை முஸ்தபாவுக்கு விடுதலை இல்லை. அப்போது என் அக்கா மகன் என்னைவிடக் கிழவனாக இருப்பான்.

கம்பெனிகளிடம் கேட்பது மூன்றே விஷயம். எங்கள் நாட்டின் பெயரைக் கடையில் சேருங்கள். விற்றால் முழுசாக விற்றுவிடுங்கள், கடையை மூடினாலும் எங்கள் கையில் ஓடுகிற மாதிரி. விற்க மனமில்லாததை நூலகங்களுக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மருமகனிடம் மறுபடி சொல்ல வேண்டும். ஆமாம்லே, அது திருட்டு கேம்தான். ஆனா அதை வாங்கப் போன நாம ரெண்டு பேரும் அன்னைக்குக் கையில காசோடதான் நின்னோம், அதையும் ஞாபகம் வச்சிக்கோ.