ஜிம்மிக்கு என்ன சமைப்பது?



அண்மையில் முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு வீட்டுத் தரிசிப்புக்குப் போயிருந்தேன். போனது கடன் தவணை பற்றிக் கதைக்க. அந்த வீட்டு அம்மா கதையைத் தொடங்கியதோ நாயைப் பற்றி.

"கடனை விடுங்கோ பிள்ளை. இவனுக்கு என்னத்தைக் குடுத்தாலும் வயித்தாலை போகுது. இரண்டு கிழமையாய் ஒழுங்காய் எழும்பேல்லை. இவன் இல்லாட்டி நான் இரவிலை எப்பிடிக் கண்ணை மூடுறது?"

வீட்டின் பின்புறச் சுவர் பாதியில் நிற்கிறது. அந்தப் பக்கத்துக்குக் கதவு இல்லை, தறப்பாள்தான். வளவு முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. கணவர் 2009 இல் இல்லாமற் போனவர். உயர்தரம் படிக்கிற மகளும் அவருமாக இரண்டு பேர். யானை வந்தாலும், படலையடியில் வேண்டாத ஆள் வந்து நின்றாலும் முதலில் குரல் கொடுப்பது ஜிம்மி. நாங்கள் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் பற்றிப் படிவம் நிரப்பும்போது வீடு, கிணறு, மலசலகூடம், வருமானம் என்று எல்லாம் கேட்கிறோம். நாய் இருக்கிறதா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. சமூகவியல் படித்த எனக்கே அன்றுதான் இது உறைத்தது.

இந்த மாதம் இதை எழுதப்போகிறேன் என்றதும் கூட வேலை செய்யும் அக்கா ஒருவர் சிரித்தார். "பிள்ளையளுக்கு முட்டை குடுக்க வழியில்லை, நீர் நாய்க்குச் சமையல் குறிப்போ எழுதப்போறீர்?" என்றார். நியாயமான கேள்விதான். ஆகவே காசு கொடுத்து வாங்கும் நாயுணவு பற்றி நான் இங்கே எழுதவில்லை. உங்கள் அடுப்பில் ஏற்கனவே ஏறுகிற பானையிலிருந்து எடுக்கக்கூடியதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஜிம்மி என்ன சாப்பிடுகிறது என்று விசாரித்தேன். காலையில் பால்தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கற். மத்தியானம் மிஞ்சின சோறும் மீன் குழம்பும். இரவில் சொதிச் சோறு. கோழி வாங்கின நாளில் எலும்பு முழுவதும் அதற்குத்தான். வன்னியில் அநேகமான நாய்கள் இப்படித்தான் வளர்கின்றன, பல தாங்கியும் கொள்கின்றன. எல்லா வயிறும் அப்படி இல்லை. மிளகாய்த்தூள் குடலை எரிக்கும். தேங்காய்ப்பாலிலும் பொரித்த எண்ணெயிலும் உள்ள கொழுப்பு சில நாய்களுக்கு வயிற்றோட்டத்தையும், சிலவேளை கணையத்தில் கடுமையான அழற்சியையும் கொண்டுவரும். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலிலுள்ள சீனிச்சத்துச் செரிப்பதில்லை. இவற்றையெல்லாம் விட மோசமானது வெங்காயமும் உள்ளியும். அவை நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கின்றன. உடனே தெரியாது, சில நாட்களின் பின்னர்தான் நாய் சோர்ந்து வெளிறும். சொதியிலும் சம்பலிலும் வெங்காயம் இல்லாத வீடு எது?

"அப்ப சோறே குடுக்கக் கூடாதோ? நாய் இறைச்சி தின்னுற சீவன்தானே, சோறு ஒத்துவராது எண்டு இவளின்ரை சிநேகிதி சொன்னவள்" என்று அம்மா மகளைக் காட்டினார். அது சரியல்ல. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013 இல் ஓநாயினதும் நாயினதும் மரபணுக்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாப்பொருளைச் செரிக்கும் நொதியத்துக்கான மரபணு ஓநாயில் 2 பிரதிகளே இருக்க, நாய்களில் 4 முதல் 30 வரை இருந்தது. மனிதர் பயிர் செய்யத் தொடங்கிய பிறகு எங்கள் முற்றத்தில் கிடந்து எங்கள் உணவையே உண்டு பழகிய விலங்கு அது. நன்றாக அவிந்த சோறு நாய்க்குப் பகையில்லை. சோற்றின் மேல் ஊற்றுகிறதுதான் பகை.

கடையில் பக்கற்றில் வருவதுதான் நாயின் இயற்கை உணவு என்று நினைக்கவும் வேண்டியதில்லை. ஜேம்ஸ் ஸ்பிராற் என்ற அமெரிக்கர் இலண்டனில் 1860களில் நாய் பிஸ்கற் செய்து விற்கத் தொடங்கிய பிறகே அந்த வியாபாரம் உலகில் பரவியது. அதற்கு முன்னும் நாய்கள் வாழ்ந்தன.

சரி, சமையலுக்கு வருவோம்.

வயிறு குழம்பியிருக்கும் நாட்களுக்கு ஒரு சாப்பாடு, சுகமான பிறகு ஒரு சாப்பாடு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வளர்ந்த நாய் சத்தி எடுத்தால் அரை நாள் வரை வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கலாம். குட்டியைப் பட்டினி போடக் கூடாது. தண்ணீரை ஒரேயடியாக ஊற்றி வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பிள்ளைகளுக்குக் கரைக்கும் ஜீவனியைப் பக்கற்றில் சொன்ன அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து, தானாகக் குடித்தால் குடிக்க விடுங்கள். வாயைப் பிளந்து ஊற்றினால் சுவாசப்பைக்குள் போய்விடும்.

பிறகு வெள்ளைப் பச்சையரிசியைக் குழைய அவியுங்கள். நெல் ஆலையில் மலிவாகக் கிடைக்கும் குறுணல் இதற்கு நன்றாகவே போதும். குத்தரிசி எங்களுக்கு நல்லது, ஆனால் தவிடு கூடியது, நோயுற்ற வயிற்றுக்கு இந்த நாட்களில் வேண்டாம். தோலும் கொழுப்பும் நீக்கிய கோழி இறைச்சியை வெறும் தண்ணீரில் அவித்து, எலும்பு ஒன்றும் இல்லாமல் உதிர்த்துச் சோற்றோடு பிசையுங்கள். 15 கிலோ அளவான நாய்க்கு நாளுக்கு 200 கிராம் அரிசியும் 200 கிராம் இறைச்சியும் போதும். முதல் நாள் அதில் பாதிதான். நாலு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். உப்பு, தூள், எண்ணெய், தேங்காய் ஒன்றும் வேண்டாம். கோழி வாங்க வழியில்லாவிட்டால் முள் அகற்றிய அவித்த மீன், அதுவும் இல்லாவிட்டால் அவித்த முட்டை. அவித்து மசித்த பூசணிக்காய் இரண்டு மேசைக்கரண்டி சேர்த்தால் மலம் இறுகி வரும். நான் சொல்வது மஞ்சள் பூசணி, நீத்துப்பூசணி அல்ல.

மலம் சரியான பிறகும் இரண்டு நாள் இதையே கொடுத்து, அதன் பின் வழக்கமான உணவைக் கால்வாசி, அரைவாசி என்று ஒரு கிழமையில் கூட்டிக்கொண்டு போங்கள். "சுகம் வந்திட்டுது" என்று அன்றே மீன் குழம்பை ஊற்றினால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

வழக்கமான உணவு என்றால் என்ன? இங்கேதான் எனக்கே ஒரு தவறு நடந்தது. சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டுக் குட்டிக்கு வயிறு சரியில்லாமல் போக, சோறும் கோழி இறைச்சியும் அவித்துக் கொடுத்தேன். உடனே சுகம் வந்தது. எனக்கோ புளுகம். அதையே இரண்டு மாதத்துக்கு மேல் தொடர்ந்தேன். குட்டி பிறகு நொண்டத் தொடங்கியது. முன்னங்கால்கள் வளைந்துவிட்டன. மிருக வைத்தியர் கேட்ட முதற் கேள்வி "என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள்?" என்பதுதான். நான் பெருமையாகச் சொன்னேன். அவர் பேசாமல் என்னைப் பார்த்தார். வெறும் சோற்றிலும் இறைச்சியிலும் கல்சியம் மிகக் குறைவு. உடம்பு தனக்கு வேண்டியதைக் குட்டியின் எலும்பிலிருந்தே எடுத்துவிட்டது. கால் ஓரளவு நிமிர்ந்தது, முழுதாக இல்லை.

நான் மட்டும் இப்படி இல்லை என்பது பிறகு தெரிந்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், புத்தகங்களிலும் இணையத்திலும் வந்த 200 வீட்டு நாயுணவுக் குறிப்புகளை ஆராய்ந்து 2013 இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 95 குறிப்புகளில் ஏதாவது ஓர் அத்தியாவசியச் சத்தாவது குறைவாக இருந்தது. மிருக வைத்தியர்கள் எழுதிய குறிப்புகளும் அதில் அடக்கம்.

எனவே நெடுகக் கொடுக்கும் சாப்பாட்டில் மாற்றம் வேண்டும். ஒரு நாள் மீன், ஒரு நாள் முட்டை, கிழமையில் ஒருமுறை சிறு துண்டு ஈரல் (அதற்கு மேல் வேண்டாம், உயிர்ச்சத்து A அளவு மீறிவிடும்), அவித்த கரட் அல்லது பூசணி. கல்சியத்துக்கு முட்டைக்கோது இருக்கிறது. கோதைக் கழுவி 10 நிமிடம் கொதிக்க வைத்து, காயவைத்து, மாப்போல இடியுங்கள். ஒரு கோதில் ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி தூள் வரும், அதில் சுமார் 2 கிராம் கல்சியம் உண்டு. 15 கிலோ நாய்க்கு நாளுக்கு அரைத் தேக்கரண்டி. குட்டிகளுக்கும் குட்டித்தாய்ச்சி நாய்களுக்கும் அளவை மிருக வைத்தியரிடம் கேட்டே கொடுங்கள், அவற்றுக்குக் கூடினாலும் கெடுதல்.

இதற்காகத் தனி அடுப்பு மூட்ட வேண்டாம். கறி வைக்கும்போது மீனோ இறைச்சியோ வெறும் தண்ணீரில் அவிந்த நிலையில், வெங்காயமும் தூளும் போட முன், நாயின் பங்கை அகப்பையால் எடுத்து வைத்துவிடுங்கள். இந்த ஒரு பழக்கத்தை வீட்டில் கொண்டுவர எனக்கு ஒரு மாதம் எடுத்தது. என் அம்மா மறந்து மறந்து தூளைப் போட்டுவிடுவார்.

அவித்த எலும்பு வேண்டாம், கூராக முறிந்து குடலைக் கிழிக்கும். சொக்லேற், முந்திரிகைப்பழம், கேக்கில் போடும் முந்திரிகை வற்றல் ஆகியவையும் கூடாது. நோவுக்கு என்று பனடோலைக் கொடுக்கவே வேண்டாம், அது நாய்க்கு நஞ்சாகலாம்.

எல்லா வயிற்றோட்டமும் சாப்பாட்டால் வருவதில்லை. தடுப்பூசி போடாத குட்டி இரத்தமாகக் கழிந்தால் அது பார்வோ வைரசாக இருக்கக்கூடும். கஞ்சி வைத்துக்கொண்டு காத்திருக்காமல் அன்றே கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். இரண்டு நாளில் நிற்காத வயிற்றோட்டத்துக்கும் அதுதான். முரசு வெளிறியிருந்தால் கொக்கிப்புழுவாக இருக்கலாம். எங்கள் மணல் நிலத்தில் அது அதிகம், வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளின் தோலுக்குள்ளும் ஏறும். வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சிக்குளிசை கொடுங்கள். இன்னுமொன்று: சாப்பாட்டை விழுங்க முடியாமல் வீணீர் வடித்து, குணம் மாறித் திரியும் நாயின் வாய்க்குள் கைவைத்துப் பார்க்காதீர்கள். அது விசராக இருக்கலாம். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஜிம்மிக்கு இருந்தது புழுவும் குழம்பும் இரண்டும்தான். குளிசை கொடுத்து, பத்து நாள் குறுணல் கஞ்சியும் அவித்த மீனும் கொடுத்தார்கள். நான் மூன்றாம் முறை போனபோது படலையிலேயே என்னை மறித்துவிட்டது. தேங்காய்ப்பால் மட்டும் இன்னமும் ஒத்துவரவில்லையாம். அம்மா நிற்கும்போது கவனம், மகள் இரகசியமாகச் சொதி ஊற்றுகிறாள் என்று அவருக்குச் சந்தேகம்.

அந்த வீட்டில் நாலு கோழிகள் நிற்கின்றன. அலுவலக அக்காவின் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, முட்டை யாருக்கு என்று கேட்டேன்.

"முட்டை இவளுக்கு. சோதினை வருகுதெல்லோ. கோது அவனுக்கு" என்றார், இடித்து வைத்திருந்த ஜாம் போத்தலைக் காட்டி.

அதன் பிறகுதான் தவணைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு திண்ணையில் இருந்தோம்.