கண் துடித்தால் சகுனமா?

"இடக் கண் துடிச்சா பொம்பளைக்கு நல்லது, வலக் கண் துடிச்சா ஆகாது" என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். சகோதரிகளே, நம்மில் பலருக்கு இமை துடிப்பது தூக்கக் குறைவாலும், அதிகக் காப்பியாலும், கண் களைப்பாலும், மனக் கவலையாலும்தான். கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்மாருக்கு இது சகஜம். நன்றாகத் தூங்கி, காப்பியைக் குறைத்தால் பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

அடங்காத துடிப்பும் ஒன்று உண்டு. மாமல்லபுரத்தில் சிப்பி மாலை விற்கும் பெண் ஒருத்தி எனக்குப் பழக்கம். இடக் கண் இமையில் ஆரம்பித்த துடிப்பு, ஒரு வருஷத்தில் கன்னத்துக்கு இறங்கி, வாயோரத்தையும் இழுத்தது. "ஆம்பளைங்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறா" என்று யாரோ பேச, அவள் கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். "வேப்பிலை அடிச்சாச்சு, தாயத்தும் கட்டியாச்சு. தூங்கறப்பகூட விட மாட்டேங்குதுக்கா" என்று அழுதாள்.

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். 1965-ல் தொடங்கிய கல்லூரி அது. டாக்டர் அவளைக் கண்ணை இறுக மூடச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், கன்னத்தை உப்பச் சொன்னார். ஒரே பக்கம் துடிப்பதும், தூக்கத்திலும் தொடர்வதும்தான் முக்கிய அடையாளமாம். முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பு மூளைத் தண்டிலிருந்து புறப்படும் இடத்தில், ஒரு ரத்தக் குழாய் அதை அழுத்துவதே பெரும்பாலும் காரணம். கட்டி எதுவும் இல்லையென்று உறுதி செய்ய எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பார்கள்.

மாத்திரை சிலருக்கே ஓரளவு கேட்கும். நல்ல பலன் தருவது பொட்டுலினம் ஊசி. துடிக்கும் தசைகளில் மிகச் சிறிய அளவில் போடுவார்கள். சில நாளில் துடிப்பு அடங்கும். பலன் மூன்று, நான்கு மாதம்தான் நிற்கும். பிறகு மறுபடி போட வேண்டும். சிலருக்கு இமை கொஞ்ச நாள் தொங்கலாம், கண் உலரலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். ஆபரேஷனும் உண்டு: குழாய்க்கும் நரம்புக்கும் நடுவே சிறு மெத்தை போல ஒன்றை வைப்பது. பெரும்பாலோருக்குத் துடிப்பு நின்றுவிடும்; ஆனால் காது கேட்பது குறையும் அபாயம் சிறிது உண்டு. நம் தோழி ஊசியோடு திருப்தியாகி, கடையைத் திறந்துவிட்டாள்.

நினைவில் வையுங்கள்:

* துடிப்பு இரண்டு, மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, கன்னத்துக்குப் பரவினாலோ டாக்டரைப் பாருங்கள்.

* இரண்டு கண்ணும் தாமாக இறுக மூடிக்கொண்டால் அது வேறு வியாதி. அதற்கும் இதே ஊசி உண்டு.

* முகம் திடீரென ஒரு பக்கம் தொங்கினால் அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். முகவாதமானால் மூன்று நாளுக்குள் மருந்து தொடங்குவது நல்லது. கை சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

* குழந்தை அடிக்கடி கண்ணைச் சிமிட்டினால், "ஏண்டி இப்படிப் பண்றே?" என்று அதட்டாதீர்கள். அதட்டினால் அதிகமாகும். கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, கண்டும் காணாததுபோல் இருங்கள். பல குழந்தைகளுக்குச் சில மாதங்களில் தானே மறைந்துவிடும்.