டூல்டிப் உடைவது தமிழால் அல்ல

ஹட்டன், நுவரெலியா பக்கத்துக் கணினி வகுப்புகளிலும் தோட்டத்து ஆபீஸ்களிலும் கேட்டுப் பழகிய பேச்சு ஒன்று உண்டு: "தமிழில் போட்டால் டூல்டிப் உடையும், இங்கிலீஷிலேயே இருக்கட்டும்." கருவிப்பட்டைப் படத்தின் மேல் மவுஸை வைத்ததும் எழும் சின்னப் பெட்டியில் கேள்விக்குறிகள் வரிசையாக வரும், அல்லது சொல் பாதியில் அறுந்து நிற்கும். பழி உடனே தமிழ் எழுத்தின் மேல் விழுகிறது.

கேள்விக்குறிகளை முதலில் பார்ப்போம். எழுத்துரு இல்லையென்றால் பொதுவாக வெற்றுக் கட்டம்தான் தெரியும். கேள்விக்குறி வந்தால், எழுத்து திரைக்கு வருமுன்னரே தொலைந்துவிட்டது என்று பொருள். யுனிகோடில் தமிழ் 1991 முதல் இருக்கிறது. விண்டோஸில் தமிழுக்கென்று பழைய முறை (ANSI) குறியீட்டுப் பக்கம் கிடையாது. அந்தப் பழைய வழியில் எழுதிய மென்பொருள் தமிழ்ச் சொல்லை மாற்ற முயன்று, இடம் கிடைக்காத ஒவ்வொரு யுனிகோட் குறிக்கும் ஒரு கேள்விக்குறியை வைக்கிறது. அதே கணினியில் வேறு மென்பொருள் தமிழைச் சரியாகக் காட்டுகிறதே!

"தமிழ் நீளம், அதனால் அறுகிறது" என்பதில் பாதி உண்மை உண்டு; மொழிபெயர்ப்பவர் சுருக்கமாக எழுதத்தான் வேண்டும். ஆனால் அறுப்பது யார்? விண்டோஸ் டூல்டிப்புக்கு உரை கொடுக்கும் ஒரு வழியில் 80 இடம்தான் உண்டு. 'கொழுந்து' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, கணினிக்கு எட்டு இடம். எல்லை 'கொ'வின் நடுவில் விழுந்தால் 'க' மட்டும் மிஞ்சும். நீண்ட உரையை வேறிடத்தில் வைத்துச் சுட்டிக்காட்டும் வழியும் அதே அமைப்பில் இருக்கிறது. அகல வரம்பு கொடுத்தால் பெட்டி தானே வரி மடக்கும். செய்யாமல் விட்டது நிரல் எழுதியவர்.

"சின்ன விஷயம், படத்தைப் பார்த்தால் புரியாதா?" என்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. பிளாப்பி டிஸ்க்கைக் கண்ணால் காணாத பிள்ளைக்கு அந்தப் படம் 'சேமி' என்று எப்படிச் சொல்லும்? தோட்டத்து வருகைப் பதிவேடான செக்ரோலைப் பதியும் மென்பொருளில் முழுப்பேருக்கும் (முழுநாள்) அரைப்பேருக்கும் (அரைநாள்) பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, இரண்டின் டூல்டிப்பும் கேள்விக்குறியாக வந்தால், புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை எதை அழுத்தும்? தவறினால் மலையேறிக் கொழுந்து பறித்தவரின் அன்றைய சம்பளம் குறையும். படம் மட்டுமே உள்ள பட்டையில் எழுத்தாக இருப்பது டூல்டிப் ஒன்றுதான்.

ஆபீசுக்கு வருகிறவர்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதும் நிற்காது. தோட்டத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது தமிழில். இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. கணினித் தமிழுக்கு 2008இல் இலங்கைத் தரமே வந்துவிட்டது.

மென்பொருள் வாங்கும் கம்பனிகள் கையெழுத்திடுமுன், கருவிப்பட்டையின் ஒவ்வொரு பொத்தான் மேலும் மவுஸை வைத்துத் தமிழில் பார்க்கட்டும். உடைந்த பெட்டியைப் படமெடுத்து, வர வேண்டிய சொல்லையும் எழுதி, செய்தவர்களுக்கே அனுப்பட்டும். திருத்திய பிறகு பணம் கொடுக்கலாம்.