பிறப்பை வைத்துப் பணியை அளப்பதா?

அண்மையில் ஒரு கருத்தரங்கில், இடம்பெயரும் டி.என்.ஏ. கூறுகள் அனைத்தையும் ‘ஒட்டுண்ணிகள்’ என்ற ஒரே சொல்லால் முடித்துவைத்தார் பேச்சாளர். அவையில் எவரும் மறுக்கவில்லை. முதுகலையில் மொழியியல் பயின்ற எனக்கு அந்த மௌனம் உறுத்தியது.

பழ ஈயை எடுத்துக்கொள்வோம். நீள்வடிவக் குரோமோசோம் இரட்டிக்கும்போதெல்லாம் அதன் நுனி சிறிது தேய்கிறது. மனிதரின் இனப்பெருக்க உயிரணுக்களில் டெலோமரேஸ் நொதி அதை ஈடுசெய்கிறது. டுரோசோஃபிலாவுக்கு அந்நொதியே இல்லை. அதற்கு மாறாக ஹெட்-ஏ, டார்ட், டாரே என்னும் மூன்று ரெட்ரோடிரான்ஸ்போசான்களின் ஆர்.என்.ஏ. படிகள் குரோமோசோம் நுனியை அடைந்து, அங்கேயே டி.என்.ஏ.வாக மாற்றி எழுதப்பட்டு இணைகின்றன. தேய்ந்த நுனி மீண்டும் நீள்கிறது. ‘டெலோமியர்’ என்ற சொல்லை 1938இல் எச்.ஜே. முல்லர் ஆக்கியதே இந்த ஈயை ஆராய்ந்த போதுதான். அச்சொல் பிறந்த வீட்டையே காத்து நிற்பவற்றை ஒட்டுண்ணி என்று மட்டும் சொல்லிக் கடந்துபோவது எவ்வகையில் நியாயம்?

இத்தகைய கூறுகள் உயிரிக்குப் பயன்படாமலேயே பெருகக்கூடும் என 1980இல் டூலிட்டில், சபியென்சா ஆகியோரும் ஆர்கெல், கிரிக் ஆகியோரும் எழுதினர். அது சோதித்தறிய வேண்டிய விளக்கம். நம் வகுப்பறைகளோ அதைப் பட்டப்பெயராக்கிவிட்டன. பெயர் சூட்டியதும் கேள்வி நின்றுவிடுகிறது.

மொழியியலில் இப்பிழை பழகிய ஒன்று. ‘நாற்றம்’ ஒருகாலத்தில் நறுமணத்தையும் குறித்தது. அதை நம்பி இன்று எவரையேனும் அச்சொல்லால் பாராட்டிப் பாருங்கள்! சொல்லின் பிறப்பு அதன் இன்றைய பொருளைத் தீர்மானிப்பதில்லை. மரபுக்கூறுக்கும் அதுவே பொருந்தும்.

இதனால் எல்லா டி.என்.ஏ.வும் பயனுடையது என்று எதிர்முனைக்குத் தாவுவதும் அதே சோம்பலே. மரபணுக்களுக்குள் புகுந்து அவற்றைச் சிதைக்கும் இடம்பெயர் கூறுகள் பல உண்டு. நுனியைக் காக்கும் இம்மூன்றையும்கூடச் சிறு ஆர்.என்.ஏ.க்களைக் கொண்டு ஈ கட்டுப்படுத்தியே வைத்திருக்கிறது. ஒன்றே சுமையாகவும் துணையாகவும் இருக்கக்கூடும்.

ஆகவே ஆசிரியர்களிடமும் சக ஆய்வாளர்களிடமும் ஒன்றே கேட்கிறேன்: எந்தக் கூறைப் பற்றிப் பேசினாலும், எங்கிருந்து வந்தது என்பதோடு நிறுத்தாதீர்கள். இப்போது என்ன செய்கிறது என்றும் கேளுங்கள். விடை கிடைத்த பிறகு பெயரிடலாம்.