மாசம் ஆயிரம் ரூபாயில் என்ன மாறிச்சு? கரிசல் வீட்டு கணக்கு சொல்லும் உண்மை

இளையரசனேந்தல்:

'ஆயிரம் ரூபாய்தானே... இதை வச்சு ஒரு குடும்பம் நிமிர்ந்துடுமா?' டீக்கடை பெஞ்சில் இந்தக் கேள்வி அடிக்கடி விழும். 'சும்மா பணம் கொடுத்து ஜனங்களை சோம்பேறி ஆக்கிட்டாங்க' என்று பக்கத்தில் இருப்பவர் ஒத்து ஊதுவார்.

ரெண்டு பேரும் தொகையை மட்டும்தான் பார்க்கிறார்கள். அந்தப் பணம் வரும் தேதியைப் பார்க்கவில்லை. கரிசல் காட்டு ஏழைக் குடும்பத்துக்கு தொகையை விட தேதிதான் பெரிய விஷயம். அது ஏன் என்று பார்ப்போம்.

கைக்கு வந்த கதை

கலைஞர் மகளிர் உரிமைத்தொகை திட்டத்தை 2023-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந்தேதி காஞ்சிபுரத்தில் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். 1 கோடியே 63 லட்சம் பேர் மனு போட்டதில் சுமார் 1 கோடியே 6 லட்சம் பேர் தேர்வானார்கள். 2025-ம் ஆண்டு டிசம்பர் 12-ந்தேதி 2-வது கட்டமாக புதிய பெண்கள் சேர்க்கப்பட்டபோது எண்ணிக்கை 1 கோடியே 30 லட்சத்தைத் தொட்டது.

ஆரம்பத்தில் போட்ட நிபந்தனைகள் இவை: 21 வயது நிரம்பி இருக்க வேண்டும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு ரூ.2½ லட்சத்தைத் தாண்டக்கூடாது. நிலம் நஞ்சை என்றால் 5 ஏக்கர், புஞ்சை என்றால் 10 ஏக்கருக்குள் இருக்க வேண்டும். வருஷ மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும்.

பணம் யார் கையிலும் போகாமல் நேரே குடும்பத் தலைவியின் வங்கிக் கணக்கில் விழுந்தது. முதல் தடவை பணம் போடும் முன்பு, கணக்கு சரிதானா என்று பார்க்க ஒரு ரூபாய் அனுப்பி சோதித்தார்கள். அதன் பிறகு மாசாமாசம் 15-ந்தேதியை ஒட்டி பணம் வந்தது. அந்தத் தேதியில்தான் விஷயமே இருக்கிறது.

வானத்தை நம்பும் வரவு

இந்தப் பக்கம் மானாவாரி பூமி. புரட்டாசி, ஐப்பசியில் மழையைப் பார்த்து உளுந்து, பாசி, மக்காச்சோளம், பருத்தி விதைப்பார்கள். தை, மாசியில்தான் நாலு காசு கையில் நிற்கும். மழை ஏமாத்தினால் அதுவும் கிடையாது. மத்த நாளில் கூலி வேலை, 100 நாள் வேலை, கோவில்பட்டி பக்கம் தீப்பெட்டி வேலை. எதுவும் இத்தனாம் தேதி இவ்வளவு ரூபாய் என்று உறுதி சொல்ல முடியாத வரவுகள்.

ஆனால் செலவுக்கு தேதி உண்டு. மகளிர் குழு தவணைக்கு தேதி உண்டு. கரண்ட் பில்லுக்கு தேதி உண்டு. பிள்ளைக்கு காய்ச்சல் வந்தால் அன்னைக்கே பணம் வேணும். தேதி இல்லாத வரவுக்கும் தேதி உள்ள செலவுக்கும் நடுவில் விழும் பள்ளத்தில்தான் வட்டிக்காரர் நிற்கிறார்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. அவசரத்துக்கு ரூ.5 ஆயிரம் கடன். நூத்துக்கு பத்து வட்டி. மாசம் ரூ.500 வட்டிக்கே போகும். பத்து மாசம் கட்டினால் வாங்கின அசல் அளவுக்கு வட்டியே கட்டியாச்சு. ஆனால் அசல் ரூ.5 ஆயிரம் அப்படியே நிற்கும்.

மாசம் ஆயிரம் உறுதியாக வந்த வீட்டில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. மளிகைக் கடையில் '15-ந்தேதி தந்துடுறேன் அண்ணாச்சி' என்று சொல்ல முடியும். அண்ணாச்சியும் நம்பி சாமான் கொடுப்பார், வட்டி கேட்க மாட்டார். குழு தவணைக்கு இன்னொரு இடத்தில் கடன் வாங்கும் நிலைமை குறையும். ஆயிரம் ரூபாய் வந்தது மட்டும் லாபம் இல்லை. போகாமல் நின்ற வட்டியும் லாபம்தான்.

கந்து வட்டி கொடுமை நெல்லைச் சீமைக்கு புதுசு இல்லை. தடைச் சட்டம் 2003-ம் ஆண்டே வந்துவிட்டது. அப்படியும் 2017-ம் ஆண்டு அக்டோபர் 23-ந்தேதி நெல்லை கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் கணவன், மனைவி, ரெண்டு பெண் குழந்தைகள் தீயில் கருகி இறந்தார்கள். அந்தக் கொடூரத்தை யாராலும் மறக்க முடியாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவசரத்துக்கு கையில் சொந்தக் காசு இருந்தால்தான் வட்டிக்காரர் வாசலுக்குப் போகாமல் இருக்க முடியும்.

குடிச்சு அழிச்சிடுவாங்களா?

'பணமாக கொடுத்தால் டாஸ்மாக்குக்குத்தான் போகும்' என்பது அடுத்த குற்றச்சாட்டு. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2011-12-ல் மத்தியப் பிரதேசம் இந்தூர் மாவட்டத்தில் 'சேவா' பெண்கள் அமைப்பு, யுனிசெப் உதவியோடு 8 கிராமங்களில் எல்லாருக்கும் மாசாமாசம் பணம் கொடுத்தது. பெரியவர்களுக்கு ரூ.200, குழந்தைகளுக்கு ரூ.100. பிறகு அது ரூ.300, ரூ.150 ஆனது. எந்த நிபந்தனையும் கிடையாது. பணம் கொடுக்காத 12 கிராமங்களோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள்.

குடி கூடியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சோம்பேறித்தனமும் கூடவில்லை. கூலிக்குப் போனவர்களில் பலர் சொந்தக் காட்டில் கூடுதலாகப் பாடுபட்டார்கள். ஆடு, கோழி வாங்கினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது கூடியது.

அரிசி இருந்ததால்தான் ஆயிரம் நின்றது

இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்கணும். தமிழ்நாட்டில் 2011-ம் ஆண்டு ஜூன் முதல் ரேஷனில் அரிசி இலவசம். 2021-ம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரண கட்டண டவுன் பஸ்சில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. சோத்துக்கும் பஸ்சுக்கும் போகாததால்தான் அந்த ஆயிரம் வேற செலவுக்கு மிஞ்சியது.

புதுச்சேரியைப் பாருங்க. அங்கே ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கியில் பணம் போட்டார்கள். 'எங்களுக்கு அரிசிதான் வேணும்' என்று பெண்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2024-ம் ஆண்டு மறுபடியும் ரேஷன் கடையைத் திறந்து அரிசி போட வேண்டியதாயிற்று. அரிசியோடு பணம் என்பது வேற. அரிசிக்குப் பதில் பணம் என்பது வேற. விலை ஏறும்போது பணம் சுருங்கும், அரிசி சுருங்காது.

சுருங்குவதற்கு உதாரணம் வேணுமா? 2025-ம் ஆண்டு ஏப்ரலில் சென்னையில் ஒரு வீட்டு கியாஸ் சிலிண்டர் ரூ.868.50. ஆயிரத்தில் சிலிண்டர் வாங்கினால் மிச்சம் ரூ.131.50.

தேதி தவறினால் என்ன ஆகும்?

தேதிதான் பலம் என்றால் தேதி தவறுவதுதான் ஆபத்து. 100 நாள் வேலைத் திட்டத்தில் இது நடந்தது. தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கி மட்டும் ரூ.1,056 கோடி என்று 2025-ம் ஆண்டு ஜனவரியில் முதல்-அமைச்சர் பிரதமருக்கு கடிதம் எழுதினார். கோடியில் சொன்னால் புரியாது. வேலை செய்த கூலி வராததால் மளிகைக் கடை நோட்டில் பாக்கி ஏறிய வீடுகளின் கணக்கு அது.

வங்கியிலும் சிக்கல் வந்தது. 2023-ல் முதல் மாசப் பணம் விழுந்த உடனே, 'மினிமம் பேலன்ஸ் இல்லை', 'பழைய கடன் பாக்கி' என்று சில வங்கிகள் பிடித்துக் கொண்டதாக புகார் கிளம்பியது. உரிமைத்தொகையில் கை வைக்கக்கூடாது என்று நிதி அமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளை எச்சரித்தார்.

நிலம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வருத்தம். மத்திய அரசின் பி.எம். கிசான் திட்டத்தில் வருஷம் ரூ.6 ஆயிரம், மூணு தவணையாக வரும். ஆனால் பட்டா பேரில் இருக்கணும். அடுத்தவர் காட்டில் பாடுபடும் கூலிக்கும் குத்தகைக்காரருக்கும் அதில் இடம் இல்லை. ஆனால் 2020-ம் ஆண்டு தமிழ்நாட்டில் பிடிபட்ட மோசடியில் தகுதியே இல்லாத லட்சக்கணக்கான பேருக்கு ரூ.110 கோடி வரை போயிருந்தது. உழைத்தவனுக்கு இல்லை, ஊரை ஏமாத்தியவனுக்கு உண்டு.

ஒரே குடும்பம், ரெண்டு மாவட்டம்

இளையரசனேந்தலுக்கு என்றே தனி தலைவலி ஒன்றும் இருந்தது. சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்த இந்தக் குறுவட்டம் 2008 வாக்கில் தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டி தாலுகாவோடு சேர்ந்தது. ஆனால் ஊராட்சிகள் மட்டும் குருவிகுளம் ஒன்றியத்திலேயே நின்றன. 2019-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனதும் அந்த ஒன்றியம் அங்கே போய்விட்டது.

வருமானச் சான்று, முதியோர் பென்சன் என்றால் கோவில்பட்டி. 100 நாள் வேலை, வீடு என்றால் குருவிகுளம். உரிமைத்தொகை கிடைக்காதவர் இ-சேவை மையத்தில் மேல்முறையீடு போட்டால் அது ஆர்.டி.ஓ.விடம் போகும். எந்தப் பணம் நின்றால் எந்த ஊருக்கு ஓடுவது என்று தெரியாமல் ஜனங்கள் அலைந்தார்கள். ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போச்சு. ஊராட்சிகளையும் கோவில்பட்டியோடு சேர்க்கச் சொல்லி மக்கள் போராடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

என்ன செய்யணும்?

பெண்கள் தங்கள் கணக்கு மினிமம் பேலன்ஸ் தேவைப்படாத அடிப்படை சேமிப்புக் கணக்குதானா என்று வங்கியில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. ஏ.டி.எம். பின் நம்பரையும், செல்போனில் வரும் ஓ.டி.பி.யையும் யார் கேட்டாலும் சொல்லவே கூடாது. பணம் வராத மாசம் சும்மா இருக்காமல் பாஸ்புக்கில் பதிந்து பார்த்து, எழுத்து மூலம் மனு கொடுக்கணும்.

தேர்தல் வந்தால் எல்லா கட்சியும் தொகையைக் கூட்டிச் சொல்லும். கூட்டட்டும், நல்லதுதான். ஆனால் ஓட்டு கேட்டு வருகிறவரிடம் நம்ம வீட்டுப் பெண்கள் ரெண்டு கேள்வி கேட்கணும். 'எத்தனாம் தேதி போடுவீங்க? அந்தத் தேதிக்கு வரலேன்னா யாரை வந்து கேட்கணும்?' இதுக்கு நேரடியாக பதில் சொல்லாதவர் எத்தனை ஆயிரம் அறிவித்தாலும், அதை நம்பி மளிகைக் கடையில் கடன் சொல்ல முடியாது.