அழவும் கூடாதா?

கணவர் மௌத்தான பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கையில், சூழ அமர்ந்து ஆறுதல் கூறுகின்றோம். தலாக்காகி வீடு திரும்பிய மகளுக்கும் இத்தா உண்டு, ஆறுதல்தான் இல்லை! "அழாதே, ஊர் சிரிக்கும்" என்று அவள் வாயைப் பொத்துகின்றோம். எந்தக் கிதாபில் உள்ள சட்டமோ இது?

அடிமைத்தளை நீங்கியதும் தம்மைப் பிரிந்துவிட்ட பரீரா (ரலி) அவர்களின் பின்னே, முகீஸ் (ரலி) அவர்கள் தாடி நனைய அழுதுகொண்டு மதீனா வீதிகளில் திரிந்ததைப் புகாரீ ஷரீபில் ஓதுகின்றோம். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவரைக் கடிந்தார்களில்லை, அவருக்காகப் பரிந்துரைத்தார்கள். பரீரா மறுத்தபோது வற்புறுத்தவுமில்லை. ஆண்மகன் வீதியில் அழுததையே பொறுத்த சமுதாயம் அது. நாமோ, பெண்பிள்ளை அடுப்படியில் விசும்புவதையும் பொறுக்கமாட்டோம்.

மூன்று மாதவிடாய் கழியுமுன்னரே தரகரை அழைத்துவிடும் வாப்பாமாரும் நம்மிடையே உளர். மகளோ இன்னும் சோற்றில் கை வைத்தபாடில்லை.