இடி கேட்டால் கரையேறச் சொல்லுங்கள்

புரட்டாசி மாதம், பிற்பகல் மூன்று மணி. தாளடி நடவில் இன்னும் அரை மா பாக்கி. மேற்கே வானம் கறுத்து, தொலைவில் இடி உறுமிற்று. நடவுப் பெண்கள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். "இந்த மூலையை முடித்துவிட்டுப் போய்விடலாம், அம்மா" என்றேன். பறித்த நாற்று வீணாகிவிடுமே என்பதுதான் அப்போது என் கவலை.

கால் மணி நேரத்தில் வாய்க்கால் கரைத் தென்னை ஒன்றின் மேல் இடி விழுந்தது. மழை வந்தால் நாங்கள் ஒதுங்குவது வழக்கமாக அந்த மரத்தடியில்தான். அன்று எல்லோரும் வயலிலேயே நின்றதால் தப்பினோம். அது என் புத்திசாலித்தனத்தால் நேர்ந்ததல்ல, வெறும் அதிர்ஷ்டம்.

அந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்ததாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு கூறுகிறது. இப்படி இறப்பவர்களில் திறந்தவெளியில் உழைக்கும் கிராமத்து மக்களே மிகுதி.

இதை அறியாமை என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். என் கருத்து வேறு. இடி ஆபத்து என்பது நடவுக்கு வரும் பெண்ணுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அவளாகக் கரையேறினால் அரைக்கூலிதான் கிடைக்கும். நாளைக்குக் கூப்பிடாமலும் போகலாம். ஆகவே நிலக்காரர் வாயைப் பார்த்து நிற்கிறாள். அந்த வார்த்தையை நாம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

"இடி இடித்து வேலை நின்றால் கூலியில் பிடித்தம் இல்லை" என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். கடன் வாங்கிப் பயிர் வைக்கும் சிறு விவசாயிக்கு இது கட்டுமா என்று கேட்பீர்கள். நானும் அந்த நிலையில் இருப்பவன்தான். பறித்த நாற்று முடிகளைத் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் மறுநாள் நடலாம். நனைந்த நெல்லைக் காயவைக்கலாம். ஒரு வேளைக் கூலி நட்டத்தை அடுத்த போகத்தில் ஈடுகட்டலாம். போன உயிருக்கு ஈடு ஏது? மாற்றாள் முறையில் ஒருவருக்கொருவர் வேலை செய்யும் ஊர்களில் இதைப் பொதுவாகப் பேசி முடிவு செய்துகொள்வது இன்னும் நல்லது.

மழை விழட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருப்பது தவறு. மழை பெய்யும் இடத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் தாக்கும். இடியோசை காதில் விழுந்தாலே நாம் அதன் எல்லைக்குள் இருக்கிறோம் என்று பொருள். அப்போதே கிளம்ப வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பிறகே வயலில் இறங்க வேண்டும்.

எங்கே ஒதுங்குவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். நான்கு பக்கமும் சுவர் உள்ள கட்டடம், கதவடைத்த பேருந்து அல்லது வேன் நல்லது. மோட்டார் கொட்டகை சுவரும் தளமும் உள்ளதானால் ஒதுங்கலாம். ஆனால் ஸ்டார்ட்டரையும் குழாயையும் தொடக் கூடாது. பியூஸ் பிடுங்குவதை இடி நெருங்கும் முன்பே முடித்துவிட வேண்டும். மேற்கூரை மட்டும் உள்ள கீற்றுக் கொட்டகையும், திறந்த டிராக்டரும் காப்பாற்றா. மரத்தடி கூடவே கூடாது. மரத்தில் விழும் மின்னல் தரை வழியாகப் பரவி, அருகில் நிற்பவரையும் கட்டியிருக்கும் மாட்டையும் தாக்கும். மாடு அவிழ்க்கப் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

வேறு வழியே இல்லாமல் வெட்டவெளியில் சிக்கினால் கம்பி வேலியையும் தண்ணீரையும் விட்டு விலகி, கூட்டமாக நிற்காமல் பிரிந்து, கால்களைச் சேர்த்துக் குந்துங்கள். தரையில் படுக்காதீர்கள். "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்வது மனத்துக்குத் தைரியம். அதைச் சொல்லிக்கொண்டே வீட்டை நோக்கி நடப்பது உயிருக்குப் பாதுகாப்பு.

அடிபட்டவர் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. பயப்படாமல் தொடலாம். மூச்சு நின்றிருந்தால் நெஞ்சின் நடுவில் இரு கைகளாலும் விடாமல் வேகமாக அழுத்திக்கொண்டே, 108-க்குச் சொல்லி அனுப்புங்கள். உடனே செய்தால் பலர் பிழைப்பார்கள்.

புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலி, நம்மைச் சுற்றி மின்னல் எங்கே விழுகிறது என்று கைபேசியில் காட்டுகிறது. வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு அதைப் போட்டுக்கொள்ளலாம். கைபேசி மின்னலை இழுக்கும் என்பது வீண் பயம். ஊராட்சிகளும் களத்துமேட்டருகே இடிதாங்கி வைத்த ஒரு சிறு கட்டடம் கட்டித் தரலாம்.

ஆனால் செயலியும் கட்டடமும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை இடி உறுமும்போது நடவாட்கள் தலை நிமிர்ந்து நம்மைப் பார்ப்பார்கள். "கரையேறுங்கள் அம்மா, கூலி முழுசாக உண்டு" என்று சொல்ல நமக்கு யாருடைய உத்தரவும் வேண்டாம்.